அளவுகோல் எண்ணாத மீன்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



மீன்வளம் குறைகிறது என்றாலே நம் ஊரில் பேச்சு இழுவைப்படகு, சுருக்குமடி, 61 நாள் தடைக்காலம் என்று ஓடும். அது நியாயம்தான். இங்கே கடலில் இறங்குபவர் பிழைப்புக்காக இறங்குகிறார். ஆனால் விற்பதற்கல்லாமல் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுபவர்கள் லட்சக்கணக்கில் இருக்கும் கரைகளும் உண்டு. அங்கே வலையைவிடத் தூண்டில் அதிக மீனைக் கொல்லக்கூடும். அப்படி ஒரு கரையைத்தான் இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்: அமெரிக்காவின் அட்லாண்டிக் கரை. மீன், ஸ்ட்ரைப்டு பாஸ். வெள்ளி உடம்பில் செவுள் முதல் வால் வரை ஏழெட்டுக் கருங்கோடுகள் ஓடும். கடலில் வளர்ந்து, வசந்தத்தில் ஆறேறி, நன்னீரில் முட்டையிடும். விட்டுவைத்தால் 30 ஆண்டு வரை வாழும். ஹட்சன், டெலவேர் ஆறுகளிலும் பிறக்கிறது என்றாலும், இதன் தாய்வீடு செசபீக் விரிகுடாதான்.

இந்த மீனுக்கு நாற்பது ஆண்டுகளாக நீள வரம்புகள் விதிக்கப்பட்டு, மாற்றப்பட்டு, மறுபடி விதிக்கப்பட்டு வருகின்றன. அந்த வரலாற்றிலிருந்து நான் பெறும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீள வரம்பு எந்த மீன் சாகலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. எத்தனை மீன் சாகலாம் என்பதைத் தீர்மானிப்பதில்லை. இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் முதல் கேள்விக்கு எவ்வளவு துல்லியமாகப் பதில் சொன்னாலும் மீன்வளம் மீளாது.

1. வெற்றியைத் தவறாகப் படித்த கதை

1973இல் இந்த மீனின் வணிகப் பிடிப்பு சுமார் ஒன்றரைக் கோடி பவுண்டு. பத்தே ஆண்டில், 1983இல், அது 35 லட்சம் பவுண்டாகச் சரிந்தது. 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த ஒரு மீனுக்காகவே தனிச் சட்டம் இயற்றியது. கரையோர மாநிலங்களின் கூட்டு ஆணையம் வகுக்கும் திட்டத்தைப் பின்பற்றாத மாநிலத்தில் இந்த மீன்பிடிப்பையே மத்திய அரசு நிறுத்திவிடலாம் என்ற அதிகாரத்தை அச்சட்டம் தந்தது. 1985 ஜனவரி முதல் செசபீக் கரையில் உள்ள மேரிலாந்து மாநிலம் முழுத் தடை விதித்தது. மற்ற இடங்களில் நீள வரம்பு ஆண்டுக்காண்டு உயர்த்தப்பட்டது. குறிக்கோள் மிகத் தெளிவானது: 1982இல் பிறந்த தலைமுறையின் பெண்மீன்களில் 95 விழுக்காடு ஒரு தடவையாவது முட்டையிட வேண்டும். அந்த மீன்கள் வளர வளர, வரம்பும் அவற்றுக்கு முன்னால் ஓடியது. கடைசியில் கரையோரத்தில் 38 அங்குலத்தைத் தொட்டது. 1995இல் மீன்வளம் மீண்டுவிட்டதாக ஆணையம் அறிவித்தது. அடுத்த ஆண்டே மேரிலாந்தின் குஞ்சுக் கணக்கெடுப்பில் குறியீடு 59.4 என்று வந்தது. 1954இல் தொடங்கிய அந்தக் கணக்கெடுப்பின் நீண்டகாலச் சராசரி 11 அளவுதான்.

மீன்வள நிர்வாகத்தில் இது பாடநூல் வெற்றி. ஆனால் அதிலிருந்து பொதுப்புத்தி எடுத்துக்கொண்ட பாடம் "நீள வரம்பு போட்டோம், மீன் திரும்பி வந்தது" என்பது. அது பாதி உண்மை. 38 அங்குலம் என்பது பெயருக்குத்தான் நீள வரம்பு. அந்த நீளத்தை எட்டிய மீன் அன்று கடலில் அரிதாகத்தான் இருந்தது. ஆகவே நடைமுறையில் அது ஏறக்குறைய முழுத் தடை. மேரிலாந்தில் இருந்தது பெயரளவிலும் முழுத் தடை. மீனை மீட்டது சாவின் எண்ணிக்கை குறைந்ததுதான். நீளம் அதற்கு ஒரு கருவியாக அமைந்தது. மீட்சிக்குப் பிறகு கருவியை மட்டும் வைத்துக்கொண்டு அது செய்த வேலையை மறந்துவிட்டார்கள். கடலோரத்தில் 28 அங்குலத்துக்கு மேற்பட்ட மீன் எதையும், ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு வீதம் எடுக்கலாம் என்ற விதி பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. 2015இல் அது ஒன்றாகக் குறைக்கப்பட்டது.

2. பெரிய பெண்மீன்

குறைந்தபட்ச நீளம் என்ற விதிக்குப் பின்னால் உள்ள தருக்கம் எளிது: குஞ்சை விடு, ஒரு தடவை முட்டையிடட்டும், பிறகு பிடி. ஸ்ட்ரைப்டு பாஸ் பெண்மீன்களில் பெரும்பாலானவை ஆறு முதல் எட்டு வயதுக்குள் சினைப் பருவத்தை எட்டுகின்றன. எனவே 28 அங்குலம் என்பது கணக்குப் போட்டு வைத்த எண்தான். ஆனால் அந்த விதி வேட்டையின் முழுப் பாரத்தையும் வயது முதிர்ந்த மீன்கள் மேல் இறக்கிவைக்கிறது. முதிர்ந்த மீன் போனால் என்ன, இளையது இருக்கிறதே என்று கேட்கலாம். இதற்கு உயிரியல் தரும் பதில் கடுமையானது.

342 கடல்மீன் இனங்களின் இனப்பெருக்கத் திறனை ஆராய்ந்து 2018இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு, முட்டை உற்பத்தி உடல் எடைக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை, அதைவிட வேகமாகக் கூடுகிறது என்று காட்டியது. 30 கிலோ எடையுள்ள ஒரே ஓர் அட்லாண்டிக் காட் பெண்மீன், இரண்டு கிலோ எடையுள்ள 28 பெண்மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிக முட்டை இடுகிறது. அந்த 28 மீன்களின் மொத்த எடை 56 கிலோ என்பதைக் கவனியுங்கள். எண்ணிக்கை மட்டுமல்ல, தரமும் மாறுகிறது. பசிபிக் கரையின் கறுப்பு ராக்ஃபிஷ் பற்றி 2004இல் வந்த ஆய்வில், மூத்த தாய்களின் குஞ்சுகள் வேகமாக வளர்ந்தன, இரையில்லாமல் கூடுதல் நாள் தாக்குப்பிடித்தன.

இன்னொரு விளைவு மரபு வழியில் வருவது. ஆய்வாளர்கள் டேவிட் கோனோவர், ஸ்டீபன் மன்ச் இருவரும் அட்லாண்டிக் சில்வர்சைடு என்ற சிறு மீனைத் தொட்டிகளில் வளர்த்து, சில தொட்டிகளில் தலைமுறைதோறும் பெரியவற்றையும் வேறு சிலவற்றில் சிறியவற்றையும் நீக்கிவந்தார்கள். நான்கே தலைமுறையில் இரு கூட்டங்களின் உடல் அளவும் எடுக்கக்கூடிய விளைச்சலும் பெரிதும் விலகிப்போயின. பெரியதைத் தொடர்ந்து பிடித்தால், குட்டையாகவே நின்றுவிடும் மீனைத்தான் நாம் தேர்ந்தெடுத்து வளர்க்கிறோம் என்று பொருள். ஆய்வகத் தொட்டி கடல் ஆகாது என்பது உண்மை. கடலில் இந்த மாற்றம் மெதுவாக நடக்கும். ஆனால் திசை மாற வேண்டிய காரணம் ஏதுமில்லை.

நம் கழிமுகங்களுக்கு நன்கு அறிமுகமான கொடுவா இந்த வாதத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் வளர்ப்புச் சூழலில் முட்டையிடச் செய்த அதே மீன், ஆஸ்திரேலியாவில் பாராமண்டி என்ற பெயரில் தூண்டிற்காரர்களின் செல்ல மீன். கொடுவா பெரும்பாலும் ஆணாகவே முதிர்ச்சி அடைகிறது. சில ஆண்டுகள் கழித்து, உடல் பெருத்த பிறகுதான் பெண்ணாக மாறுகிறது. இந்த மீனுக்குக் குறைந்தபட்ச நீளம் மட்டும் விதித்தால் என்ன ஆகும்? சட்டம் காப்பது இளம் ஆண்களை. வேட்டைக்கு விடுவது அத்தனை பெண்களையும். குயின்ஸ்லாந்து மாநிலம் இதை உணர்ந்து 58 சென்டிமீட்டருக்குக் கீழேயும் 120 சென்டிமீட்டருக்கு மேலேயும் உள்ள மீனை எடுக்கக் கூடாது என்று இரு முனையிலும் வரம்பு வைத்திருக்கிறது. அதோடு முட்டையிடும் பருவத்தில் தடைக்காலமும் உண்டு. நம் பக்கத்தில் கேரளம் 2015இல் 14 இனங்களில் தொடங்கிப் பின்னர் 58 இனங்களுக்கு நீள அளவு விதித்தது, பாராட்டத்தக்க தொடக்கம். ஆனால் அவை யாவும் கீழ் வரம்புகளே. பிழைப்புக்கான மீன்பிடிப்பில் வலைக்கண் வழியே மேல் வரம்பை நடைமுறைப்படுத்துவது கடினம். தூண்டிலில் அந்தச் சாக்கு கிடையாது, ஒவ்வொரு மீனும் தனியாகக் கைக்கு வருகிறது.

பெரிய மீன் எப்படியும் கிழடாகிச் சாகப்போகிறதுதானே, அதைப் பிடித்தால் என்ன நட்டம் என்பது தூண்டிற்காரர் சங்கங்களில் அடிக்கடி எழும் கேள்வி. 30 ஆண்டு வாழும் மீனில் 12 வயது கிழடல்ல, நடுவயது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய ஸ்ட்ரைப்டு பாஸின் கொழுப்பில் பிசிபி போன்ற நச்சுகள் சேர்வதால் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அதைத் தவிர்க்கும்படி அட்லாண்டிக் கரை மாநிலங்களின் சுகாதாரத் துறைகளே எச்சரிக்கின்றன. சாப்பிடத் தகாததைப் புகைப்படத்துக்காகக் கொல்வதை எந்தப் பொருளாதாரத்திலும் சேர்க்க முடியவில்லை.

3. மேல் வரம்பு வந்த பிறகு

2018ஆம் ஆண்டின் அடிப்படை மதிப்பீடு இந்த மீன் மறுபடி அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டது, மிகைப்பிடிப்பும் நடக்கிறது என்று சொன்னது. கூட்டு ஆணையம் 2020இல் கடலோரத்துக்கு இரு முனை வரம்பைக் கொண்டுவந்தது: 28 அங்குலம் முதல் 35 அங்குலத்துக்குள் ஒரு மீன். உயிரியல் சொன்ன அறிவுரையை நிர்வாகம் கேட்டது. இங்கே கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 2015இல் செசபீக்கில் ஒரு வலுவான தலைமுறை பிறந்திருந்தது; குஞ்சுக் குறியீடு சராசரியைப்போல் இரு மடங்கு. ஏழாண்டு வளர்ந்து 2022இல் அந்தத் தலைமுறை திரளாக 28 முதல் 35 அங்குலம் என்ற அந்த இடைவெளிக்குள் நுழைந்தது. விதி மாறவில்லை. ஆனாலும் அந்த ஆண்டு தூண்டிலில் எடுக்கப்பட்ட மீன் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. மீட்சிக்காக யாரை நம்பியிருந்தார்களோ அந்தத் தலைமுறையையே சட்டம் வேட்டைக்குத் திறந்து வைத்திருந்தது. 2023 மே மாதம் அவசர நடவடிக்கையாக மேல் வரம்பை 31 அங்குலத்துக்கு இறக்கினார்கள்.

இந்த நிகழ்வே என் வாதத்தின் மையம். நீள வரம்பு ஒரு சல்லடை. எவ்வளவு கொட்டுகிறோம் என்று சல்லடைக்குத் தெரியாது. ஒரு பெருந்தலைமுறை அதன் கண்ணளவுக்கு வளர்ந்து வரும்போது அத்தனையும் அதில் விழும். 1980களின் வரம்பு மீனுக்கு முன்னால் ஓடியது. 2020இன் வரம்பு ஒரே இடத்தில் நின்று மீனுக்காகக் காத்திருந்தது. எடுக்கலாம் என்ற மொத்த எண்ணுக்கு ஓர் உச்சம் இருந்திருந்தால், பருவத்தின் நடுவிலேயே நிறுத்தியிருக்கலாம். வணிக மீனவருக்கு அப்படி ஓர் ஒதுக்கீடு இருக்கிறது. அது தீர்ந்ததும் அவர் கரைக்கு வந்துவிட வேண்டும். பொழுதுபோக்குக்குப் பிடிப்பவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பிழைப்புக்குப் பிடிப்பவரை எண்ணிக்கையாலும் விளையாட்டுக்குப் பிடிப்பவரை நீளத்தாலும் கட்டுப்படுத்துவது எந்த வகையில் நீதி என்பதை அந்த நாட்டார் தங்களுக்குள் விவாதித்துக்கொள்ளட்டும்.

4. விட்ட மீனின் கணக்கு

இனி மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதிக்கு வருகிறேன். வரம்புக்கு வெளியே உள்ள மீனைத் திரும்பக் கடலில் விட வேண்டும். விட்ட மீன் பிழைக்கிறதா?

நடப்பதைக் கொஞ்சம் அருகில் நின்று பார்ப்போம். இரையை விழுங்கிய மீன் தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பல நிமிடம் போராடுகிறது. அதன் தசையில் அமிலம் சேர்கிறது. படகுக்கு மேலே தூக்கி அளவுப் பலகையில் படுக்கவைக்கிறார்கள். மூக்கு பலகையின் தடுப்பில் முட்ட வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், வால் துடுப்பின் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து அளக்க வேண்டும். 31¼ அங்குலம். விட்டாக வேண்டும். முள் தாடையின் ஓரத்தில் மாட்டியிருந்தால் நொடியில் கழன்றுவிடும். குடலிலோ செவுளிலோ மாட்டியிருந்தால் பிடுங்கும்போதே ரத்தம் கொட்டும். அதனால்தான் இரை கோத்துப் பிடிப்பவர்கள் வட்டமுள்ளை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஆணையம் கட்டாயமாக்கியது. நுனி உள்நோக்கி வளைந்த அந்த முள் தொண்டையிலிருந்து வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். கோடையில் நீர் சூடேறி ஆக்சிஜன் குறையும்போது முள் எங்கே மாட்டினாலும் மீன் பிழைப்பது சிரமம். மேரிலாந்து ஜூலை 16 முதல் 31 வரை இந்த மீனைக் குறிவைத்துத் தூண்டில் போடுவதையே தடை செய்தது இதனால்தான், விடுவதற்காகப் பிடிப்பது உட்பட.

எல்லாச் சூழலையும் சராசரியாக்கி, விடப்படும் மீனில் 9 விழுக்காடு செத்துப்போகிறது என்று மதிப்பீட்டாளர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்பதுதானே, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று பிழைக்கிறதே என்று தோன்றும். ஆனால் இந்த மீனைப் பிடிப்பவர்கள் பிடித்ததில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் விட்டுவிடுகிறார்கள். வரம்புக்குள் அடங்கும் ஒரு மீனுக்காக ஒருவர் பதினொரு மீனை விட்டார் என்று வையுங்கள். பதினொன்றில் 9 விழுக்காடு, கிட்டத்தட்ட ஒன்று. அவர் வீட்டுக்கு எடுத்துப்போனது ஒரு மீன், கொன்றது இரண்டு. 2017ஆம் ஆண்டுக் கணக்கு இதையேதான் காட்டுகிறது. அந்த ஆண்டு சுமார் 3.8 கோடி மீன் விடப்பட்டது. அதில் 34 லட்சம் செத்திருக்கும் என்பது மதிப்பீடு. மனிதர் கையால் செத்த மொத்த மீனில் இது 48 விழுக்காடு. வீட்டுக்கு எடுத்துச் செல்லப்பட்டது 42 விழுக்காடு. வணிக மீனவர் எடுத்ததும் வீணாக்கியதும் சேர்ந்து வெறும் 10 விழுக்காடு.

வரம்பை இறுக்க இறுக்க விடப்படும் மீனின் எண்ணிக்கை கூடும் என்பது இதிலிருந்து தானே வரும். 35ஐ 31 ஆக்கியதில் எடுக்கும் மீன் குறைந்தது. விட்டுச் சாகும் மீனின் பங்கு உயர்ந்தது. ஆழ்கடல் மீன்களில் நிலைமை இன்னும் மோசம். மெக்சிகோ வளைகுடாவின் சிவப்பு ஸ்நாப்பரை ஆழத்திலிருந்து இழுத்ததும் காற்றுப்பை ஊதி, கண் பிதுங்கி, இரைப்பை வாய்வழியே வெளியே வந்துவிடும். அப்படியே விட்டால் மேலேயே மிதந்து பறவைக்கு இரையாகும். எடை கட்டி மீனை ஆழத்துக்கு இறக்கிவிடும் கருவியையோ காற்றை வெளியேற்றும் ஊசியையோ படகில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று அங்கே தனிச் சட்டமே வந்தது.

இந்தச் சாவுகள் எதுவும் அளவுப் பலகையில் பதிவாவதில்லை. எண்ணுவதே சிக்கல். தூண்டிற்காரர் எத்தனை முறை போனார், எத்தனை பிடித்தார் என்பதைக் கருத்துக்கணிப்பு வழியேதான் அறிய வேண்டும். தொலைபேசிக் கணிப்பைக் கைவிட்டு அஞ்சல் கணிப்புக்கு மாறி, 2018இல் பழைய எண்களைத் திருத்தியபோது மீன்பிடிப்பு அதுவரை நினைத்ததைவிட மிக அதிகம் என்று தெரியவந்தது. புதிய முறையும் மிகைப்படுத்துகிறதோ என்ற ஐயம் 2023இல் எழுந்தது. அதனால் இந்த எண்களைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டாம். ஆனால் எண் நிச்சயமற்றது என்பது எண்ணாமல் விடுவதற்குக் காரணமாகாது. உச்சத்தைக் கொஞ்சம் தாழ்த்தியே வைப்பதற்குத்தான் காரணம்.

5. மறுப்புகள்

முதல் மறுப்பு வலுவானது. இன்றைய சரிவுக்குத் தூண்டில் காரணமல்ல, வானிலைதான் என்கிறார்கள். செசபீக்கில் குளிர்ந்த குளிர்காலமும் நீர்வரத்து மிகுந்த வசந்தமும் அமைந்தால்தான் குஞ்சு பிழைக்கும். அண்மை ஆண்டுகளில் குளிர்காலம் வெதுவெதுப்பாகப் போனது. 2019 முதல் மேரிலாந்தின் குஞ்சுக் குறியீடு சராசரிக்குக் கீழேயே கிடக்கிறது, 2023இல் 1.0. முட்டைக்குக் குறையில்லை, குஞ்சுதான் தேறவில்லை என்றால் தாயைக் காப்பாற்றி என்ன பயன்? இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு நேர்மாறானது. நல்ல ஆண்டு எப்போது வரும் என்று தெரியாத நிலையில், அது வரும்வரை உயிரோடு இருக்கும் தாய்கள் வேண்டும். இந்த மீனுக்கு இயற்கை 30 ஆண்டு ஆயுளைக் கொடுத்திருப்பதன் பொருள் அதுதான். வானிலையை எந்த ஆணையமும் திருத்த முடியாது. சாவின் எண்ணிக்கையைத் திருத்தலாம்.

இரண்டாவது மறுப்பு வாடகைப் படகுக்காரர்களுடையது. தடைக்காலமும் உச்ச எண்ணும் வந்தால் வாடிக்கையாளர் வரமாட்டார், தொழில் படுக்கும் என்கிறார்கள். அவர்களுக்கு உண்மையான இழப்பு இருக்கிறது. ஈடு தருவதை அரசு ஆராயலாம். ஆனால் பிடிப்பு சுருங்கினால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்ற அச்சத்துக்கு எதிரான சான்று ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட்டில் கிடைத்தது. லோரன் மெக்லெனகன் என்ற ஆய்வாளர், 1956 முதல் 2007 வரை அங்கே சுற்றுலாப் படகுகள் கரை திரும்பியதும் பிடித்த மீன்களைப் பலகையில் தொங்கவிட்டு எடுத்த படங்களைத் தேடி எடுத்து மீன்களை அளந்தார். 1950களின் படங்களில் பக்கத்தில் நிற்கும் மனிதரைவிடப் பெரிய கோலியாத் களவாய்கள். 2007இன் படங்களில் சிறிய சங்கரா வகை மீன்கள். சராசரி எடை 19.9 கிலோவிலிருந்து 2.3 கிலோவுக்கு இறங்கியிருந்தது. பயணக் கட்டணமோ குறையவில்லை. அதே பலகை, அதே சிரிப்பு. முந்தைய தலைமுறை பிடித்ததைப் பார்க்காதவருக்குத் தான் பிடித்ததே பெரிய மீன். மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் எச்சரித்தது இதைப் பற்றித்தான்: ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் கண்ட கடலையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. வாடிக்கையாளர் பழகிக்கொள்வார் என்பது படகுக்காரருக்கு ஆறுதல். மீனுக்கு அதுவே ஆபத்து, ஏனென்றால் சந்தை ஒருபோதும் எச்சரிக்கை மணி அடிக்காது.

பிடித்து விடுவதே அறம், இதற்கு மேல் என்ன கேட்கிறீர்கள் என்பது மூன்றாவது. நல்ல நோக்கம்தான். ஆனால் ஒரு நாளில் முப்பது மீன் பிடித்து முப்பதையும் விட்டவர், இரண்டு மீனைப் பிடித்து இரண்டையும் சமைத்தவரைவிட அதிக மீனைக் கொன்றிருக்கக்கூடும் என்பதை மேலே சொன்ன விழுக்காடே சொல்கிறது. அவரை யாரும் குற்றம் சொல்ல வேண்டாம். அவர் போடும் தூண்டிலையும் கணக்கில் சேர்த்தால் போதும்.

இந்த மீனை மீட்க ஆணையம் குறித்திருக்கும் ஆண்டு 2029. 2015இல் வந்ததற்கு இணையான பெருந்தலைமுறை அதன் பிறகு வரவில்லை. நம் கரைகளிலும் பொழுதுபோக்குத் தூண்டில் பெருகி, சுற்றுலாவோடு சேர்ந்து, ஒருநாள் அதற்கு விதி எழுத வேண்டிவரும். இந்த அவையில் இருக்கும் மாணவர்களில் சிலர் அந்தக் குழுக்களில் உட்காருவீர்கள். வரைவில் சென்டிமீட்டர் மட்டும் இருந்தால் கையெழுத்திடாதீர்கள். ஆண்டுக்கு எத்தனை மீன் சாகலாம், அதில் விட்டுச் சாவது எத்தனை, எந்தத் தேதிகளில் தூண்டிலே போடக் கூடாது என்ற மூன்றையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.